திருஷ்டி கழிக்க எவ்வளவு செலவாகும்?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றிருந்தேன். ஆம்பூரிலிருந்து தங்கை மகள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். நோட்டில் கிழித்த தாள், அதில் பேனாவால் எழுதிய ஒரு லிஸ்ட். கீழே ஒரு வரி: ‘பெரியம்மா, இதெல்லாம் லாங் பஜார்ல கிடைக்குமா? செவ்வாய்க்கிழமைக்குள்ள வேணும்.’

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். எலுமிச்சம்பழம் 21. கல் உப்பு, காய்ந்த மிளகாய். படிகாரம் கால் கிலோ. கட்டிக் கற்பூரம் ஒரு டப்பா. சாம்பிராணி. கறுப்புக் கயிறு 9 முழம். வெள்ளைப் பூசணி 1. கருங்காலி மாலை 1. கடைசி வரி மட்டும் வேறு கையெழுத்தில் இருந்தது: ‘செப்புத் தகடும் மையும் அவரே கொண்டுவருவார். 48 நாள் பூஜை. மொத்தம் 18,000.’

பால் பொங்கி வழிந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

போன் போட்டேன். அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தைக்கிற பிரிவில் வேலை செய்கிறாள். கணவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ரெண்டு வயதில் ஒரு பையன். மூன்று வாரத்துக்கு முன்னால் ராத்திரி பையனுக்கு நல்ல காய்ச்சல். திடீரென்று கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு ‘காய்ச்சலால் வருகிற வலிப்பு, பயப்படாதீங்க’ என்று அனுப்பியிருக்கிறார். பத்து நாள் கழித்து மறுபடி காய்ச்சல், மறுபடி வலிப்பு. அதைப் பார்த்த ஒருவர் சொல்லிவிட்டார்: “இது டாக்டருக்குத் தெரியாத விஷயம். யாரோ வெச்சிட்டாங்க.”

“பணத்துக்கு என்ன பண்ணப்போறே?” என்று கேட்டேன்.

“சங்கிலிய அடகு வைக்கலாம்னு இருக்கேன் பெரியம்மா.”

“லிஸ்ட் என்கிட்ட இருக்கட்டும். கடைக்குப் போயிட்டு வந்து பேசறேன்” என்று மட்டும் சொன்னேன். அந்த லிஸ்ட்டோடு லாங் பஜாரில் நான் நடந்த கதைதான் இந்த வாரம்.

உப்பு ஏன் வெடிக்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் திருஷ்டி கழிக்கிற வீட்டில் வளர்ந்தவள்தான். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த ராத்திரி, அம்மா எங்களைக் கிழக்குப் பார்த்து உட்காரவைப்பாள். கையில் கல் உப்பு, நாலு காய்ந்த மிளகாய், வாசல் மண் ஒரு சிட்டிகை. வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று. மூன்று முறை துப்பச் சொல்லி, நேராகக் கொண்டுபோய் அடுப்பில் போடுவாள். உப்பு படபடவென்று வெடிக்கும். “பார்த்தியா, எவ்ளோ கண்ணு!” என்பாள். அப்புறம் கை கால் கழுவிவிட்டுத் தூங்கப் போவோம். அவ்வளவுதான்.

கல் உப்பு ஏன் வெடிக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பிறகுதான் தெரிந்தது. உப்புக் கல்லுக்குள்ளே துளித்துளியாக உப்புத்தண்ணீர் சிறைப்பட்டிருக்கும். நெருப்பில் போட்டதும் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லை உடைத்துக்கொண்டு வரும். அந்தச் சத்தம்தான் படபட. யாரைச் சுற்றிப் போட்டாலும் வெடிக்கும். சுற்றாமல் போட்டாலும் வெடிக்கும். பாக்கெட்டில் வரும் தூள் உப்பு அந்த மாதிரி வெடிக்காது.

அம்மாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, வெடிச்சுதா இல்லியா? புள்ள தூங்குச்சா இல்லியா?” என்றாள். அன்றைக்குச் சிரித்தேன். இந்த லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபோதுதான் அவள் சொன்னதில் பாதி நியாயம் இருப்பது புரிந்தது. அது எந்தப் பாதி என்று பிறகு சொல்கிறேன்.

தோலுக்கும் வாசலுக்கும் ஒரே கடை

வேலூர்க்காரர்களுக்கு லாங் பஜாரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக: நேதாஜி மார்க்கெட்டை ஒட்டிப் போகும் கடைத்தெரு. மளிகை, பூ, பழம், பாத்திரம், பூஜை சாமான், நாட்டு மருந்து எல்லாம் ஒரே நடையில் வாங்கிவிடலாம். காலை 11 மணிக்கு மேல் போனால் நடக்க இடமிருக்காது.

நாட்டு மருந்துக் கடைப் பெரியவரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். லிஸ்ட்டை வாங்கிப் படித்தார். “இன்னாம்மா, பெரிய வேலையா?” என்றார்.

“நீங்க ஒவ்வொண்ணாச் சொல்லுங்கண்ணே” என்றேன்.

படிகாரத்தில் ஆரம்பித்தார். நல்ல படிகாரம் கண்ணாடிக் கல் போல ஊடுருவித் தெரியும். மாவு பூத்திருந்தால் ரொம்ப நாள் காற்றில் கிடந்தது என்று அர்த்தம். கறுப்புக் கயிற்றில் கட்டிக் கடை வாசலில் தொங்கவிடுவார்கள். சிலர் பிள்ளையைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். அது பொங்கி, நுரைத்து, ஏதோ ஓர் உருவமாக நிற்கும். ‘இது ஒரு பொம்பள முகம்’, ‘இது ஒரு கண்ணு’ என்று அதில் ஆள் அடையாளம் பார்ப்பார்கள். விஷயம் என்னவென்றால், படிகாரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். சூடு பட்டதும் அந்தத் தண்ணீர் கொதித்து வெளியேற, கல் பஞ்சு மாதிரி உப்புகிறது. வானத்து மேகத்தில் யானை தெரிவது போல அதில் முகம் தெரியும்.

படிகாரம் இருந்த அதே வரிசையில் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் இருந்தன. நம் பகுதிக்காரர்களுக்கு இதில் ஒரு சுவையான கதை உண்டு. குரோமியம் உப்பு வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான். படிகாரம் போட்டுத் தோலைப் பக்குவம் செய்வதும் உலகம் முழுக்கப் பழைய முறை. தோல் கெடாமல் காப்பாற்றும் பொருளையே வாசலுக்கும் காவல் வைத்திருக்கிறோம். ‘இது கெடவிடாது’ என்று கண்ணால் பார்த்த நம்பிக்கையாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கற்பூரம்: இதை மட்டும் ஜாக்கிரதையாக வாங்குங்கள்

கற்பூரம் வாங்கும்போது ஒரு சின்னச் சோதனை. ஒரு கட்டியைத் தட்டில் வைத்து எரித்துப் பாருங்கள். நல்ல கற்பூரம் மிச்சமே வைக்காமல் எரிந்து தீரும். தட்டில் மெழுகுப் பிசுக்கு மிஞ்சினால் கலப்படம். இப்போது கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானது பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்கிற கற்பூரம். அது எரிப்பதற்கு மட்டும்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கற்பூர டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். பார்க்க அது கற்கண்டு மாதிரி இருக்கும். வாயில் போட்டு விழுங்கிவிட்டால், கொஞ்ச நேரத்திலேயே குழந்தைக்கு வலிப்பு வரலாம். மருத்துவ நூல்களில் பல காலமாக எழுதப்பட்டுவரும் விஷயம் இது. சளிக்கு என்று கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துக் கைக்குழந்தைக்குத் தேய்ப்பதும் ஆபத்துதான்.

லிஸ்ட்டை மறுபடி பார்த்தேன். வலிப்பு வந்த குழந்தையின் வீட்டுக்கு ஒரு டப்பா கட்டிக் கற்பூரம், 48 நாள். வயிற்றைக் கலக்கியது.

ஆரத்திக்குக் கரைக்கும் சுண்ணாம்பும் அப்படித்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். அந்தச் சிவப்பில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். லீவு நாளில் பேரப்பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட அருமையான வித்தை. ஆனால் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. உடனே நிறையத் தண்ணீர்விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சாம்பிராணி பாய் வந்தார்

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சாம்பிராணி பாய் வந்தார். ஒரு கையில் புகைச்சட்டி, ஒரு கையில் மயிலிறகுக் கட்டு. வெள்ளிக்கிழமை ஆனால் கடை கடையாகப் புகை காட்டிக்கொண்டு போவார். பெரியவர் கடைக்குள் முருகன் படம்தான் மாட்டியிருக்கிறது. பாய் கல்லாவுக்குப் புகை காட்டி, மயிலிறகால் பெரியவர் தோளில் ரெண்டு தட்டு தட்டினார். பெரியவர் சில்லறையைத் தட்டில் போட்டார். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பல வருடப் பழக்கம்.

சாம்பிராணி என்பது மரத்துப் பால். சுமத்ராத் தீவுப் பக்கத்து மரங்களிலிருந்து கப்பலேறி வந்தது. அரபு வியாபாரிகள் அதை ‘ஜாவா நாட்டுக் குந்திரிக்கம்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். கோயில், தர்கா, மாதா கோயில் மூன்றிலும் வாசனைப் புகை உண்டு. வாங்கும்போது கட்டியாக வாங்கி உடைத்துக்கொள்வது நல்லது. பொடியில் மரத்தூளும் வாசனைத் தைலமும் சேர்ந்திருந்தால் நமக்குத் தெரியாது. ஆஸ்துமா இருக்கிறவர்கள் வீட்டில் புகையே வேண்டாம். மிளகாய் சுற்றிப்போடுவதையும் வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். நெடி வந்தால் ஒரு அர்த்தம், வராவிட்டால் ஒரு அர்த்தம் என்று சொல்வோமே தவிர, நெடி ஏறினால் பிள்ளைக்கு மூச்சு முட்டும் என்பதுதான் நிச்சயமான அர்த்தம்.

பூசணியும் கருங்காலியும்

வெள்ளைப் பூசணிக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆயுத பூஜை வந்தால் இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் தையல் மெஷினுக்கும் தோல் சீவும் கத்திக்கும் பொட்டு வைப்பார்கள். வருடம் முழுக்கச் சோறு போட்ட கருவிக்கு ஒருநாள் ஓய்வும் மரியாதையும். பூசணிக்குள் குங்குமமும் சில்லறையும் போட்டு வாசலில் உடைப்பார்கள். உடைத்த துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிடுங்கள் என்று போலீஸ் வருடா வருடம் சொல்கிறது. நம் வீட்டுக் கண்ணைக் கழித்துவிட்டு, பைக்கில் வருகிற யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையை வழுக்கி விழவைப்பதில் என்ன புண்ணியம்?

அடுத்தது கருங்காலி மாலை. ரெண்டு மூன்று வருடமாக இதற்கு ஏக கிராக்கி. பெரியவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். “எங்க தாத்தா காலத்துல கருங்காலின்னா உலக்கைம்மா. நெல்லு குத்துறதுக்கு. இப்ப கழுத்துல போட்டுக்கறாங்க.” கருங்காலி மெதுவாக வளரும் மரம். அதன் நடுவைரம்தான் கறுப்பு. தெருவுக்குத் தெரு, ஆன்லைனுக்கு ஆன்லைன் இத்தனை மாலை வருகிறதே, இத்தனை மரம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஈரப் பஞ்சால் ஒரு மணியை அழுத்தித் துடையுங்கள். பஞ்சு கறுத்தால் சாயம். நல்ல கருங்காலி தண்ணீரில் மூழ்கும். ஆனால் மூழ்குகிற வேறு மரமும் உண்டு என்பதால் அந்த ஒரு சோதனையை மட்டும் நம்ப முடியாது. பிடித்திருந்தால் நகையாக நினைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அப்போது ஏமாந்தாலும் ஒரு மாலைக் காசுதான் போகும்.

தகட்டின் விலை எங்கே ஏறுகிறது?

கடைசியில் தகட்டுக்கு வந்தோம். “செப்புத் தகடு நீங்க விக்கறதில்லியா?” என்று கேட்டேன்.

ஒரு மெல்லிய தகட்டை எடுத்துக் கல்லா மேல் போட்டார். உள்ளங்கை அளவு. “இது எடைக்குத்தாம்மா விக்கறேன். சில நூறுல முடிஞ்சிடும். மேல கோடு கிழிச்சதும் ஆயிரம். உன் புள்ள பேரை எழுதினதும் பத்தாயிரம். இங்கேருந்து வாங்கிட்டுப் போய்த்தான் எழுதறாங்க, எனக்குத் தெரியாதா?”

“பலிக்குமாண்ணே?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வேறு யாருக்கோ திப்பிலி நிறுத்துக் கொடுத்தார். அப்புறம் சொன்னார்: “நான் வியாபாரி. பலிக்கும் பலிக்காதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். உப்பு வாங்கிட்டுப் போறவங்க அடுத்த வாரம் வந்து மளிகைதான் வாங்குவாங்க. தகடு வாங்கறவங்க அடுத்த வாரம் இன்னொரு தகடுக்கு வருவாங்க.”

அம்மா சொன்னதில் எந்தப் பாதி நியாயம் என்று அப்போதுதான் எனக்குத் தெளிவானது. அவளுடைய உப்பும் மிளகாயும் எப்போதுமே ‘ஆமாம், கண்ணு பட்டிருக்கு’ என்றுதான் சொல்லும். ஆனால் சொன்ன கையோடு ‘தீர்ந்துவிட்டது, போய்த் தூங்கு’ என்றும் சொல்லிவிடும். எரிந்து சாம்பலாகிவிடுவதால் அதற்கு அடுத்த நாள் வேலை கிடையாது. எலுமிச்சை வாடிவிடும், கற்பூரம் கரைந்துவிடும், பூசணி உடைந்துவிடும். நம் பாட்டிகள் இதற்கென்று எடுத்த பொருள்கள் எல்லாமே மலிவானவை, அன்றன்றைக்குத் தீர்ந்துபோகிறவை. தகடு தீராது. அது வாசலுக்கு அடியிலோ பூஜை அறையிலோ கிடந்து, ‘இன்னும் ஏதோ இருக்கிறது’ என்று தினமும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். 48 நாள் முடிந்தால் 90 நாள். இதைச் செய்தால் அடுத்தது.

வெளிநாட்டிலும் இதே கதை

வீட்டுக்கு வந்து சென்னையில் இருக்கும் மகளிடம் போனில் புலம்பினேன். அவள், “நம்ம ஊர்ல மட்டுமில்லம்மா” என்று ஒரு படம் அனுப்பினாள். வெளிநாட்டில் ‘விட்ச்’ என்று தங்களைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்களுக்காக விற்கும் ஒரு பெட்டி. கறுப்புப் பிடி போட்ட கத்தி, ஒரு கோல், ஒரு கிண்ணம், ஐந்து முனை நட்சத்திரம் போட்ட தட்டு, மெழுகுவத்திகள்.

இந்தப் புது மாந்திரீகத்துக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். நமக்கு ரொம்பத் தூரத்து ஆள் இல்லை. இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக வேலை பார்த்து, ‘கிரிஸ்’ என்ற மலாய்க் குத்துவாளைப் பற்றி 1936-ல் ஒரு புத்தகமே எழுதினார். இங்கிலாந்தில் 1735-ம் வருடத்துச் சூனியச் சட்டம் 1951-ல் ரத்தானது. மூன்று வருடம் கழித்து, 1954-ல், ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ என்ற அவருடைய புத்தகம் வந்தது.

அந்தக் கறுப்புப் பிடிக் கத்தியால் எதையும் வெட்ட மாட்டார்களாம். நம் வீட்டில் பிரசவித்தவள் தலைமாட்டில் வைக்கிற இரும்பு மாதிரிதான். அவர்களுடைய பழைய மந்திர நூல்களில் இன்னொரு விதியும் உண்டு: சடங்குக்கான பொருளைப் பேரம் பேசாமல் வாங்க வேண்டும். லாங் பஜாரில் அப்படி வாங்கினால் நம்மைத்தான் சுற்றிப்போட வேண்டியிருக்கும்! ஆனால் அவர்களிலும் விவரமானவர்கள், ‘பெட்டியெல்லாம் வேண்டாம், சமையலறைக் கத்தியும் கிண்ணமும் போதும்’ என்றுதான் புதியவர்களுக்குச் சொல்கிறார்களாம். அதைப் படித்ததும் என் அம்மா ஞாபகம்தான் வந்தது.

அதே 1954-ல்தான் நம் நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம். தாயத்து, மந்திரம், கவசம் ஆகிய வார்த்தைகள் அந்தச் சட்டத்திலேயே இருக்கின்றன. இவற்றால் புற்றுநோய், சர்க்கரை நோய், வலிப்பு போன்ற வியாதிகளைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்தால் முதல் தடவை 6 மாதம் வரை சிறை, மறுபடி செய்தால் ஒரு வருடம் வரை. சாமி கும்பிடுவதையோ கயிறு கட்டுவதையோ அது தடுக்கவில்லை. வியாதியைக் காட்டிக் காசு பறிப்பதற்குத்தான் அந்தக் கடிவாளம்.

அந்த ‘யாரோ’ யார்?

ஞாயிற்றுக்கிழமை ஷூ கம்பெனிக்கு லீவு. பஸ் பிடித்து ஆம்பூர் போனேன். பையன் வாசலில் ஒரு பழைய ஷூ லேஸை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். கீழ் உதட்டில் ஒரு சின்னத் தழும்பு. முதல் ராத்திரி யாரோ பல்லுக்கு நடுவே ஸ்பூனை நுழைக்கப் பார்த்ததில் கிழிந்ததாம். இன்னொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்து அழுத்திப் பிடித்திருக்கிறார்.

டீ குடிக்கும்போது தங்கை மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பெரியம்மா, எனக்கு யாருன்னு தெரிஞ்சுபோச்சு. எதிர்வீட்டு அக்காதான். அவங்களுக்குக் குழந்தை இல்ல. தம்பியத் தூக்கித் தூக்கிக் கொஞ்சுவாங்க. இப்ப அனுப்பறதே இல்ல.”

18,000 ரூபாயைவிட இதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது. ‘யாரோ வெச்சிட்டாங்க’ என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அந்த ‘யாரோ’வுக்கு முகம் தேடுவது நம் வேலையாகிவிடுகிறது. பெரும்பாலும் அது தனியாக இருக்கிற, பிள்ளை இல்லாத, கணவன் இல்லாத ஒரு பெண்ணின் முகமாகத்தான் முடியும். பீகாரிலும் ஜார்க்கண்டிலும் இப்படிச் ‘சூனியக்காரி’ என்று முத்திரை குத்தப்பட்ட பெண்கள் அடித்துக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அதற்காகவே பீகார் 1999-ல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் பின்னால் வந்தன. நம் தெருவில் அந்த அளவுக்குப் போகாது என்று சொல்லலாம். ஆனால் அன்றைக்கு ஆம்பூரில் ஒரு கதவு ஏற்கெனவே சாத்தப்பட்டிருந்தது.

அவளையும் பையனையும் கூட்டிக்கொண்டு அடுத்த நாள் குழந்தை டாக்டரிடம் போனேன். லிஸ்ட்டையும் எடுத்துப் போனேன். அவர் கோபிக்கவில்லை. நிதானமாகச் சொன்னார். 6 மாதத்திலிருந்து 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்கு இப்படிக் காய்ச்சலோடு வலிப்பு வருமாம். ஒருமுறை வந்த குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு மறுபடியும் வருமாம். பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். வளர வளரப் போய்விடும்.

“மறுபடி வரும்னு முதல் டாக்டரே சொன்னாரா?” என்று அவளைக் கேட்டேன். “சொல்லியிருப்பாரு பெரியம்மா. எனக்குக் காதுல எதுவும் ஏறல” என்றாள்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். போனில் சேமித்து வையுங்கள்.

பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், மருந்து எதுவும் கூடாது. கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். சாவியோ இரும்போ வேண்டாம். அதைத் தேடும் நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ, மூச்சு சரியில்லை என்றாலோ உடனே 108. முதல் தடவை என்றால், தானாக நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி

கடைத்தெருவில் எனக்கு வந்த தெளிவை மூன்று கேள்விகளாகச் சொல்கிறேன்.

ஒன்று: இந்தப் பொருள் எப்போது தீரும்? அன்றைக்கே தீர்ந்தால் வாங்கலாம்.

இரண்டு: இதை வாங்காவிட்டால் கெட்டது நடக்கும் என்று விற்கிறவர் சொல்கிறாரா? சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உப்பு விற்கிறவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மூன்று: இதை வாங்கிய பிறகு யாரையாவது சந்தேகப்படத் தோன்றுகிறதா? தோன்றினால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கயிறு கட்டுவதாக இருந்தால் குழந்தையின் கழுத்தில் கட்டாதீர்கள். இடுப்பிலோ காலிலோ, ஒரு விரல் நுழைகிற அளவு தளர்வாகக் கட்டுங்கள். நனைந்தால் மாற்றுங்கள்.

அன்று சாயங்காலம் நான் வேலூரிலிருந்து வாங்கிப்போன கல் உப்பையும் மிளகாயையும் எடுத்தேன். பையனைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்தோம். “நீ சுத்துவியா, நான் சுத்தட்டுமா?” என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் எழுந்துபோய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கித்தான் வந்தாள். உப்பை வாங்கிக்கொண்டபோது அவள் கை நடுங்கியது. பையன் பழகிய முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் ரெண்டு கையையும் தூக்கினான்.

வாசலுக்கு வெளியே கரி அடுப்பில் போட்டோம். நன்றாக வெடித்தது. மொத்தச் செலவு, பஸ் காசைத் தவிர்த்து, 50 ரூபாய்கூட இல்லை.

இப்போதும் பையனுக்கு அவ்வப்போது காய்ச்சல் வருகிறது. போன வாரம் ஒருமுறை வந்து, வலிப்பில்லாமல் போய்விட்டது. அடுத்த முறை வரலாம், வராமலும் இருக்கலாம். டாக்டர் சொன்ன மருந்தும் தெர்மாமீட்டரும் சமையலறை அலமாரியில் மேல் தட்டில் இருக்கின்றன. கற்பூர டப்பாவும் அங்கேதான் ஏறிவிட்டது. காலில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறாள். ஒரு விரல் நுழைகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பார்ப்போம்.